பீரோவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

மாடம்பாக்கம்
செப்டம்பர் 22, திங்கள்

அன்பு மகள் ஹெப்சிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் உடம்புக்கு நலம், அங்கே லீட்ஸில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் மெர்வினும் நலமாக இருக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம். உடம்புக்கு நலம் என்று மட்டும்தான் எழுத முடிகிறது, மனசு பத்து நாளாக ஒரு நிலையில் இல்லை. வாரம் தவறாமல் வீடியோ காலில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறான் என்று நினைப்பாய். போன ஞாயிறும் நேற்றும் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது, அங்கே மழையா, மெர்வின் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். சொல்ல வராவிட்டால் எழுதுங்கள், நான் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் அவள் இங்கே கிளம்பி வந்த பிறகுதான் அது அங்கே போய்ச் சேரும் என்கிறாள் உன் அம்மா. அவள் சொல்வதும் சரிதான்.

வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நாங்கள் உன் தம்பி ஸ்டெபினோடு பெருங்களத்தூர் ஃப்ளாட்டுக்குப் போய் ஏழு வருஷம், அவனுக்கு புனேக்கு மாற்றல் வந்த பிறகுதான் நம் வீட்டு ஞாபகமே எங்களுக்கு வந்தது என்று நீ கேலி செய்தாய், அது உண்மை. மொட்டை மாடியில் அரசஞ்செடி என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. சுவிட்ச் போர்டைத் திறந்தால் எறும்பு கொட்டுகிறது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் பெருச்சாளி ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறது. ஆள் வைத்துச் செய்யுங்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் சொன்னீர்கள். மறைமலை நகர் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன், எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்தே சொன்னவன், என் வீட்டுக்கு நான் ஆள் வைப்பதா என்று வீம்பு எனக்கு. கூட வேலை பார்த்த ஏசுதாசன் ஏணி பிடிக்க வருகிறான். ஏணி பிடிப்பதைவிட டீ குடிப்பதில் அவனுக்கு ஆர்வம் அதிகம், ஆனாலும் நல்ல துணை.

இவ்வளவு பாடும் டிசம்பருக்காகத்தான் என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் நீ வந்தபோது, ஃப்ளாட்டில் இடம் போதாமல் உன் ஆசைக்கு இந்த வீட்டைத் திறந்து உன் பழைய அறையில் படுத்தாய், இரண்டாம் நாளே மூச்சு இழுத்து தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தத் தடவை நீ தெளிவாகச் சொல்லிவிட்டாய். அப்பா, கிறிஸ்மஸுக்கு வரேன், ஆனா அந்த ரூம்ல நானும் படுக்க மாட்டேன், மெர்வினையும் படுக்க வைக்க மாட்டேன், ஓட்டல்ல தங்கிக்கறோம் என்றாய். பேரனுக்கும் உன் நெஞ்சுதான் வந்திருக்கிறது என்று கேட்டபோதே எனக்குப் பகீர் என்றது. அங்கே உள்ள டாக்டர் உன்னிடம் முதலில் கேட்ட கேள்வி, சின்ன வயதில் ஈரமான அறையில் வளர்ந்தாயா என்பது. நீ அதை என்னிடம் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. நம்ம வீட்டிலா, என் வீட்டில் ஒரு சொட்டு ஈரம் காட்டட்டும் என்று நான் ஏதோ மெடல் வாங்கினவன் மாதிரி பதில் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உன் அறையில் தெற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. நீ எட்டாவது படிக்கிற வரைக்கும் அதில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவாய். இரண்டாயிரமாவது வருஷம் பக்கத்து மனையில் ஹாஜா மைதீன் பாய் வீடு கட்டினார், நம் சுவருக்கும் அவர் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடுக்கு. நம் ஜன்னலுக்கு நேரே அவர்கள் வீட்டுப் பெண்கள் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிற இடம் வந்தது. கோஷா பார்க்கிற வீடு, நாம் எட்டிப் பார்ப்பதாக அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றாள் அம்மா. இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டால் அதுவே அவர்களுக்குச் சங்கடம், கேட்காமல் செய்வதுதான் மரியாதை என்றேன். அவர்கள் குடிவருவதற்கு முந்தின வாரம் வெளிப்பக்கம் நானே செங்கல் வைத்து அடைத்தேன். உள்பக்கம் பிளைவுட் அடித்து ஆயில் பெயின்ட் பூசி உன் பீரோவை அதன்மேல் சாய்த்து வைத்தேன். நீ இரண்டு நாள் அழுதாய். நான் சர்ச்சில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒன்பது நாளுக்கு முன், சனிக்கிழமை காலையில், ஏசுதாசனும் நானும் அந்த பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. அடுப்புக்கரி என்று நினைத்துத் தொட்டேன், விரலில் வழவழவென்று ஒட்டியது. பிளைவுட்டைக் கடப்பாரையால் நெம்பியதும் ஒரு நாற்றம் வந்தது பார், அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மூடிக் கிடந்த சாக்கடையைத் திறந்த மாதிரி. பலகைக்கும் செங்கலுக்கும் நடுவில் இருந்த அரையடிப் பொந்தில், பழைய ஜன்னல் கட்டையின்மேல், தண்ணீர் நிற்கிறது. அதற்கு முந்தின வாரம் பெய்த மழைத் தண்ணீர். கட்டை மக்கிச் சோறு மாதிரி இருக்கிறது, சுற்றிலும் பூசணம் பஞ்சு பஞ்சாகத் தொங்குகிறது. ஏசுதாசன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினவன், இன்னாப்பா ஞானையா இது, ஜன்னலுக்குள்ள கெணறு வெட்டி வெச்சிகீற என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் வலது மூலையில், சன்ஷேடுக்கு அடியில், ஒரு கைப்பிடி அளவுக்குப் பூச்சே இல்லை. அந்த மூலையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஹெப்சி. இரண்டடி இடுக்கில் நின்று பூசினேன், அந்த மூலைக்குக் கை எட்டவில்லை, வேறு ஏணி கொண்டுவந்து அப்புறம் பூசலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. இருபத்தைந்து மழைக்காலம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது.

இன்னும் கேள். மாஸ்க் வேண்டாம் என்று வீம்பாக அந்தக் கறுப்பை ஒரு மணி நேரம் சுரண்டினேன். திடீரென்று நெஞ்சில் யாரோ கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது, காற்று உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. வெளியே வந்து காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக என் நெஞ்சு விசில் அடித்தது. அந்தச் சத்தத்தை நான் உன்னிடம்தான் கேட்டிருக்கிறேன். நீ இதே மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு உட்காருவாய். ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், மறந்திருக்கவே முடியாது. நடிக்காதே, எழுந்து படி என்றேன். கிறிஸ்மஸ் பாடகர் குழு பயிற்சிக்கு உன்னால் வர முடியாமல் போனபோதும் அதே வார்த்தைதான். தயிர்தான் காரணம் என்று சொல்லி ஆறு வருஷம் உனக்குத் தயிர் தரவில்லை. நீ வளர்த்த பூனையைச் சாக்கில் போட்டு வண்டலூர் பக்கம் கொண்டுபோய் விட்டேன். முருங்கைப்பூதான் ஆகவில்லை என்று யாரோ சொல்ல மரத்தை வெட்டினேன். உபவாச ஜெபம் வைத்தோம், நெற்றியில் எண்ணெய் பூசினோம். பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போனதும் உனக்கு மூச்சிழுப்பு நின்றது, பார்த்தாயா, வீட்டு வேலைக்குப் பயந்த மூச்சு என்று சிரித்தேனே. பீரோவை மட்டும் ஒரு நாளும் நகர்த்திப் பார்க்கவில்லை. ஃபாக்டரியில் ஒரு மெஷின் ஓரிடத்தில் நின்று இன்னோர் இடத்தில் ஓடினால், இடத்தைப் பார்டா என்று மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதிர்ச்சி இதோடு முடியவில்லை. மூச்சு சரியானதும் செங்கல்லை உடைத்தோம். நாலு கல் விழுந்ததும் வெளிச்சம் வந்தது, எதிரே இடுக்கில் சித்திகா நின்றுகொண்டிருந்தார், ஹாஜா பாயின் மனைவி. பாய் இரண்டு வருஷத்துக்கு முன் மௌத்தாகிவிட்டார் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சத்தம் கேட்டு வந்தவர், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அண்ணா, ஜன்னலைத் திறக்கப்போறீங்களா என்று கேட்டார். அவர் குரலில் ஒரு சந்தோஷம். எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு மறைவாக இருக்கட்டும் என்றுதானே அப்போது அடைத்தேன், இப்போது தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா சொன்னார். அண்ணா, நாங்க குடிவந்தன்னிக்கு ஈரம்கூட காயாத புதுச் சுவரு, அதைப் பாத்துட்டு எங்க வூட்டுக்காரரு, நம்ம மூஞ்சில முழிக்க இஷ்டமில்லாம அடைச்சிட்டாங்க போலன்னாரு, அவங்களுக்குத் தொந்தரவா எதுவும் பேசாதேன்னு எங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. அதனால்தான் இருபத்தைந்து வருஷமாக ரம்ஜானுக்குக் கஞ்சி வரும், கிறிஸ்மஸுக்குக் கேக் போகும், வாசலோடு சரி, அதற்குமேல் ஒரு பேச்சு இல்லை. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்து அவர் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பாப்பா இருமுறது செவுத்துல கேட்டுக்கினே இருக்கும் அண்ணா, உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு எதனா நெனைச்சுக்குவீங்களோன்னு திரும்பிடுவேன் என்றார். பாய் பூச்சு வேலை மேஸ்திரி, உனக்குத் தெரியும். மழை பெய்தால் அவர் தங்கள் மாடிப்படியில் நின்று அந்த மூலையையே பார்ப்பாராம். தண்ணி உள்ள எறங்குது சித்திகா, நம்ம மாடிப்படிலேர்ந்து கைய நீட்டுனா எட்டும், ஒரு கரண்டி சிமென்ட்டு போட்டா போதும், ஆனா அவங்க சுவத்துல நாம கைய வெச்சா என்ன சொல்லுவாங்களோ என்பாராம். ஒரு வருஷம் இல்லை, மழைக்கு மழை இதையே சொல்லியிருக்கிறார். ஒரு கரண்டி சிமென்ட், ஹெப்சி. நான் அவரைக் கேட்கவில்லை, அவர் என்னைக் கேட்கவில்லை, இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தோம், நடுவில் நீ மூச்சுக்குத் திண்டாடினாய். அவர் அடக்கத்துக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தவன் நான். இப்போது பேச வேண்டும் என்றால் அந்த மனுஷன் இல்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வந்தபோது அவர் மகன் அக்தர் கரண்டியோடு அவர்கள் மாடிப்படியில் நின்றிருந்தான். அவன்தான் இப்போது டைல்ஸ் கான்ட்ராக்ட் பார்க்கிறான், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நான் செய்துகொள்கிறேன் தம்பி என்றேன். எங்க அத்தா போடவேண்டியது அங்கிள், நான் போடறேன் என்று சொல்லி, கையை நீட்டி அந்த மூலையை அடைத்தான். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள், அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கே சொன்னேனே என்றுகூடக் கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது உன் அறையில் பழைய பூச்சை எல்லாம் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டேன், இந்தத் தடவை மாஸ்க் போட்டுக்கொண்டு. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேல்பூச்சு. மக்கின கட்டையை எடுத்துவிட்டுப் புது ஜன்னல் வைத்தாகிவிட்டது, கம்பியும் வலையும் போட்டு. எதிர்ப் பக்கம் அவர்களும் இத்தனை வருஷம் சாத்தியே வைத்திருந்த ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள், அம்மாவும் சித்திகாவும் பேச ஆரம்பித்தால் எனக்குக் காபி வர லேட் ஆகிறது. பாதிக் கதவுக்குத் திரை வேண்டுமா என்று இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்டேன், வேண்டாம் அண்ணா, காத்து வரட்டும் என்றார். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை, மழை நிற்கும் வரை அந்த மூலைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டு இல்லை. அதற்கு மறுநாளிலிருந்து தினமும் மதியம் சாப்பிட்டதும் அங்கே பாய் விரித்துப் படுக்கிறேன். ஐந்து நாள் ஆயிற்று, மூச்சு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நெஞ்சு வேறு, உன் நெஞ்சு வேறு என்பதும் எனக்குத் தெரியும்.

ஹெப்சி, அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ நடிக்கவில்லை. ஒரு நாளும் நடிக்கவில்லை. அந்தப் பூனைக்கும் சேர்த்துக் கேட்கிறேன். உடனே போன் செய்து பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிடாதே, நீ அப்படிச் சொல்லுகிற பிள்ளைதான், கொஞ்ச நாள் கோபமாகவே இரு, அது உனக்கு வரவேண்டியது. ஓட்டலில் ரூம் போட்டிருந்தால் அதை ரத்து செய்யாதே, இருக்கட்டும். மெர்வினுக்கு இன்ஹேலரும் அந்தக் குட்டி மாஸ்க்கும் கைப்பையிலேயே வை, பெட்டியில் போட்டுவிடாதே. அவன் இருமினால் எந்த இடத்தில் இருமுகிறான் என்று பார், பிள்ளையைத் திட்டாதே, இதை உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் மூன்று பேரின் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகத்தோடு வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக. வந்ததும் அந்த அறையில் சும்மா ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார். மூச்சு கொஞ்சம் சரியில்லை என்று தோன்றினாலும் அப்பாவிடம் சொல், இந்தத் தடவை நம்புவேன்.

உன் அன்பு அப்பா,
ஞானையா