முதுகில் இருந்த நிறம்

22 நவ. 2004, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். இருங்காட்டுக்கோட்டை திருப்பத்தில் ஒரு லாரி சேற்றில். லைனுக்குப் போனதும் சூப்பர்வைசர் முறைப்பு, மழையை நான்தான் கூட்டிவந்த மாதிரி.

வாங்க வேண்டியவை: குடை, சேஃப்டி பின், மாமாவுக்கு மூக்குப்பொடி.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் அம்மாவின் கொலைக் கேஸைப் பற்றி விசாரிக்கிறார்களாம். அம்மாவின் கூடப்பிறந்தவர், என்னை வளர்த்த மாமா, அலட்டிக்கொள்ளவில்லை. "மறைக்க இன்னாம்மா கீது? பேப்பர ஜெராக்ஸ் எடுத்து வை. அவங்க வந்தா நானே படிச்சி சொல்றேன்."

பேப்பர் என்றால் அம்மாவின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். மாமா டிரங்குப் பெட்டியில் என் ஜாதகத்தோடு வைத்திருக்கிறார். முதுகு முழுக்க நீலமும் சிவப்புமாகக் கறை என்ற வரியின் கீழ் அவர் போட்ட சிவப்புக் கோடு. பத்தாவது படிக்கும்போது டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன். இதயத்தைப் பற்றிய நாலு வரியில் இருந்த டாக்டர் வார்த்தைகள் மட்டும் டிக்‌ஷனரியில் இல்லை. விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு ஐந்து வயது. அந்த ஆள், அதாவது என்னைப் பெற்றவர், அம்மாவை அடித்தே கொன்றார் என்று ஊருக்கே தெரியும். கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். டாக்டரை விலைக்கு வாங்கிவிட்டார் என்பார் மாமா. இப்போது படப்பையில் வாட்ச்மேனாம். நான் பேசி இருபத்தொரு வருடம்.

குழாயடியில் இன்றைக்கும் ஒருத்தி தன் பெண்ணை: "அமுதா முதுகு மாதிரி ஆக்கிடுவேன், பாத்துக்க." அமுதா என் அம்மா. நான் பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்தேன். அவளுக்கு அது வெறும் திட்டு.

23, செவ்வாய்

ஏ ஷிஃப்ட், காலை வேலை. ஒயர் முனையை அழுத்தும் கிரிம்ப் மெஷினில் விரல் மாட்டியது. சின்ன வெட்டுதான். ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸ் மேரி அக்கா, திருநெல்வேலிப் பக்கம். கட்டுப் போடும்போது பையிலிருந்த ஜெராக்ஸ் கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டார். சொன்னேன். ஊருக்கே தெரிந்த கதைதானே, எனக்கென்ன கூச்சம்.

படித்தார். திரும்பவும் படித்தார்.

"ஏ பிள்ள, இது அடிச்ச காயம் இல்ல. உசுரு போனப்புறம் ரத்தம் கீழ எறங்கும். மல்லாக்கப் படுக்க வச்சா முதுகுல நீலம் பாயும். எல்லாப் பொணத்துக்கும் வரும்லா."

"அப்போ எப்படி செத்தாங்க?"

"மேல போட்டிருக்கே. இதயத்துல வால்வு சுருங்கிக் கெடந்திருக்கு. காயம் ஒண்ணும் இல்லன்னும் டாக்டர் வார்த்தையில எழுதியிருக்காங்க. அம்மைக்கு மூச்சு வாங்குமா?"

வாங்கும். ஏரிக்கரை ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். குடத்தை அந்த ஆள்தான் தூக்கி வருவார். ஊர் கேலி செய்யும்.

மத்தியானம் டப்பாவைத் திறக்கவில்லை. லெமன் ரைஸ் அப்படியே.

24, புதன்

லீவு போடவில்லை. ரிஜெக்ட் நான்கு பீஸ். என் கணக்கில் இதுவரை இல்லாதது.

எங்கள் ஊரில் இங்கிலீஷில் எது வந்தாலும் மாமாவிடம்தான் வரும். கோர்ட் நோட்டீஸ், நிலம் எடுக்கும் ஆர்டர், பையன்களின் கம்பெனி ஆர்டர். சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து, நின்றுகொண்டேதான் படிப்பார். எனக்கு வேலை கிடைத்த ஆர்டரையும் தெருவில் நின்று உரக்கப் படித்தார். அம்மாவின் ரிப்போர்ட்டையும் அப்படித்தான் ஊர் கூடியபோது படித்துச் சொன்னாராம்; பாவம், தெரியாமல் படித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். எப்படிச் சொல்வது? உடைந்துபோவார்.

25, வியாழன்

சொன்னேன்.

மாமா உடையவில்லை. மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அத்தைதான் உள்ளேயிருந்து: "சாவு நெறம்னு அந்த டாக்டரு கோர்ட்லயே சொன்னாரே. நீங்கதான வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னீங்க?"

"நீ சும்மா இரு."

"மாமா, தெரியுமா உங்களுக்கு?"

டப்பாவை மூடி மடியில் செருகினார். அப்புறம், "மொதல்ல தெரியாமதாம்மா படிச்சேன். சத்தியமா. ஊரே கூடி நின்னுச்சி. அத்தினி பேரு முன்னால படிச்சிட்டு, அப்பால தப்பா படிச்சிட்டேன்னு எப்டி சொல்றது? எவன் எங்கிட்ட பேப்பர் எடுத்துகினு வருவான்?"

அதற்காக. இவ்வளவுக்காக.

டைபாய்டில் பதினோரு நாள் என் பக்கத்திலேயே இருந்தவர். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுவிட்டவர். ஒரு அப்பாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. அதற்கப்புறமும் வழக்கம் போல அவருக்குக் காபி கலந்து வைத்தேன். கை பழகிவிட்டது.

28, ஞாயிறு

வெயில். ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ. முன்சீட்டில் இரண்டு பேர் மனை விலை பற்றி ஓயாத பேச்சு. அந்த ஆளைத் தேடிப் படப்பையில் மூன்று இடத்தில் விசாரித்தேன்.

புது மனைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. காக்கிச் சட்டை, பட்டன் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மேலாளரிடம் நிற்பது போல.

அமுதாவின் பெண் என்றேன். மேரி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் எடுத்தது.

"அதுக்கு மொத நாளு ஒண்ணு வச்சேம்மா. முதுகுல. சோறு கொயஞ்சிடுச்சின்னு. மறுநா அவ எந்திரிக்கல. பேப்பர்ல முதுகுன்னு படிச்சாங்க. நாந்தான்னு நெனச்சிக்கினேன்."

"கோர்ட்ல விட்டாங்களே?"

"டாக்டரு இங்கிலீஷ்ல பேசுனாரு. வக்கீலு வா போலாம்னாரு. ஏன் வுட்டாங்கன்னு நான் கேக்கல. கேக்க பயம்."

அந்த ஒரு அடிக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் இருபத்தொரு வருடம் தன்னைக் கொலைகாரன் என்று தானே நம்பிய மனுஷனிடம் அதை எங்கே போய்க் கொட்டுவது?

முகத்தைத் துடைத்துக்கொண்டார். லேசாகச் சிரித்தார் கூட.

"பாவம் உன் மாமன். அவருக்கும் தெரியாம பூட்ச்சி. அவரு மேல கோச்சிக்காத."

"அவருக்குத் தெரியும்."

டீ வாங்கப் போக எடுத்த தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்து?"