நெல் ஒட்டிய வாழ்த்து

செந்துறையில் இருப்பவளுக்கு,

பொங்கலுக்கு உன் மகன் செய்து அனுப்பிய வாழ்த்து வந்தது. பழைய நோட்டு அட்டையை வெட்டி, சோற்றுப் பசை தடவி, நெல்லை ஒட்டிப் பானை செய்திருக்கிறான். என் வயலில் கூலிக்கு நின்றவனோடு ஓடினாய். இப்போது அவன் பிள்ளை எனக்கு நெல் அனுப்புகிறான்.

"பச்சப்புள்ள செஞ்சதுங்க, செவுத்துல மாட்டிக்கிறேன்" என்றாள் உன் அம்மா. அவள் பார்க்கவே கோழிகளுக்குப் போட்டேன். ஒரு நெல் விடாமல் கொத்தித் தீர்த்தன.

நெல் போனபிறகுதான் அடியில் இருந்த நோட்டு லேபிள் தெரிந்தது. இரண்டாம் வகுப்பு என்று போட்டு, மேலே என் பெயர்.

அந்த லேபிளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் அவன் பெயரை மாற்றிவிடு. அந்தப் பெயரில் ஒருவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

உன்னைப் பெற்றவன்