வளைந்த கொம்புகள்

ஜூன் 3, செவ்வாய்
சனிக்கிழமை மலைப் பூங்காவில் சூரியன் உதிக்கும் நேரத்தில் விலங்கு பார்க்கப் போகிறோம். வழிகாட்டி அனுப்பிய தாளில் இரண்டு எழுத்துப் பிழைகள். சிவப்பு மையில் திருத்தினேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். அது மகளுக்குத் தெரியாது.

"முதல்ல கண் டாக்டரப் பாரும்மா. புரை முத்திடப் போகுது."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

ஜூன் 6, வெள்ளி
என் வீட்டுக்காரருடைய பைனாகுலரைத் துடைத்து வைத்தேன். பார்த்த விலங்குகளை நாங்கள் எழுதிவைக்கும் குறிப்பேட்டையும் எடுத்தேன். நாற்பது வருடமாக எங்களுக்கு ஒரே விதி: தன் கண்ணால் பார்க்காததை அதில் எழுதக் கூடாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை.

ஜூன் 7, சனி
நாலரைக்கு வேன். நான் தயார்; மகள் காலுறை தேடிக்கொண்டிருந்தாள். குளிரில் பல் தந்தியடித்தது. வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும், கம்மிய குரல். தன் தொலைநோக்கியை நீட்டினாள். "எங்கிட்டயே இருக்கு" என்றேன்.

வெளிச்சம் வந்தது. எதிர்ப் பாறையில் மலையாடு, குட்டியோடு என்று எல்லாரும் கிசுகிசுத்தார்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

ஒரே இருட்டு. அவ்வளவுதானா? கண்ணே போச்சா?

"தெரியுதாம்மா?"

"ஏன் தெரியாம? கொம்பு என்னமா வளைஞ்சிருக்கு."

வழிகாட்டி பக்கத்தில் வந்தாள். யாரும் கவனிக்காதபடி பைனாகுலரின் முன்பக்க மூடிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "பனி படாம இருக்கப் போட்டிருந்தீங்களாம்மா?" என்றாள். அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றித் தருவது எப்போதும் அவர் வேலை. இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

மூடி போன பிறகும் ஒரு வெள்ளைத் திட்டுதான். ஆடா, பாறையா? நான் படித்த கான்வென்ட்டில் பொய் சொன்னவள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நான் மலையைப் பார்த்து நின்றேன்.

பிறகு சொன்னேன்: "எனக்குத் தெரியலடி."

"எது?"

"ஆடு. கொம்பு. எதுவுமே."

சிரிப்பாள் என்று நினைத்தேன். பிளாஸ்கைத் திறந்து, "இந்தா, சூடு ஆறதுக்குள்ள குடி" என்றாள். நல்ல தேநீர். சர்க்கரைதான் அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு
குறிப்பேட்டில் நேற்றைய தேதியை மட்டும் எழுதினேன். எதிரே காலி.

ஜூலை 2, புதன்
வலது கண் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார், நம்பிக்கை வந்தது. கட்டைப் பிரித்து வீடு வந்ததும் சமையலறை அலமாரியைப் பார்த்தேன். இவ்வளவு அழுக்கா?

"ஆபரேஷனுக்கு முன்னாடி நல்ல மனுஷியா இருந்தே" என்கிறாள் மகள்.

செப்டம்பர் 20, சனி
இரண்டு கண்ணும் சரி. அதே வேன், அதே வழிகாட்டி. மூடிகளை வேனிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"இப்ப கொம்பு எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள், முகத்தில் சிரிப்பே காட்டாமல். குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன்:

மலையாடு, ஒன்று. குட்டி, ஒன்று. கொம்பு சிறியது. அப்படியொன்றும் வளைந்திருக்கவில்லை.