ராசாத்தி குடித்த கஞ்சி

எழுத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வீட்டில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன், என்னங்க,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. லிங்கித் தோட்டத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் போகிறார்கள், உங்கள் ஆடுகள் ரப்பர் மரத்தடியில் மேய்கின்றன. நான்தான் இரண்டு பேருக்கு அரிசியை எடுத்துவிட்டு, ஒரு பிடியைத் திரும்பக் கொட்டுகிறேன். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன, என் முகத்தைவிடத் தராசு முள்ளைத்தானே அதிகம் பார்த்தீர்கள்! ஆனாலும் சாயங்காலம் வந்து திட்டவாவது ஒரு ஆள் இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள்.

ஆராய்ச்சி நிலையத்துத் தம்பி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எந்த ஆடு குறைவாகத் தின்று நன்றாக வளர்கிறது என்று பார்க்க, பத்து ஆடுகளை நம் வீட்டுக்குப் பின்னால் தனித்தனிக் கூண்டில் அடைத்தார்கள். காலையில் செம்பனைப் புண்ணாக்கை நிறுத்துப் போட வேண்டும். மறுநாள் மிச்சத்தை நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். "தீவனம் மட்டும் சரியா நிறுத்துப் போடுங்கண்ணே. தண்ணி எவ்வளவு குடிச்சாலும் பரவால்ல லா," என்று அவர் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

நீங்கள் போட்டுவிட்டு மந்தையோடு போய்விடுவீர்கள். அடுப்படியை ஒட்டிய ஏழாம் நம்பர் கூண்டில் இருந்தவள் மத்தியானம் முழுக்கக் கத்துவாள். மந்தையில் பிறந்த உயிருக்குத் தனியாக இருக்கத் தெரியுமா? எனக்கும் அந்த நேரத்தில் யார் இருந்தார்கள், பிள்ளையா குட்டியா? அவளுக்கு ராசாத்தி என்று பேர் வைத்தேன். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு வாளியில் ஊற்றினேன். ஆசையாகக் குடித்தாள். அப்புறம் லயத்தில் நாலு வீட்டுக் கஞ்சியையும் வாங்கி வந்து தினமும் ஊற்றினேன், அடியில் கொஞ்சம் சோறும் கிடக்கும். கஞ்சி தண்ணீர்தானே என்றுதான் நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நீங்களோ நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்கள். "ஏய் மாரியாயி, ஏழாம் நம்பரு பாதியத்தான் திங்கிறா, எடையில எல்லாரையும் முந்திட்டா! தோட்டத்துலயே இப்படி ஒரு ஆடு இல்ல!" ரெம்பாவ் பாசார்க் கடைகளில் நின்றால்கூட உங்களுக்கு இதே பேச்சுத்தானாம். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் அவளைப் பற்றித்தான், என்னைப் பற்றி இல்லை.

போன வாரம் தம்பி ஊசியும் குப்பியுமாக வந்தார். ஆடுகளின் இரத்தத்தை எடுத்துப் போய், குறைவாகத் தின்று வளர்கிற ஆட்டுக்குப் பிறவியிலேயே மரபணுவில் ஏதாவது அடையாளம் உண்டா என்று தேடப் போகிறார்களாம். "கெடச்சிட்டா, குட்டி பொறந்ததுமே இரத்தத்தப் பாத்துச் சொல்லிடலாம்கா. ஏழாம் நம்பரத்தான் ரொம்ப நம்பியிருக்கோம். அவளுக்குப் பொறக்குற குட்டிங்களத்தான் மத்த தோட்டத்துக்கும் அனுப்புவோம்," என்றார்.

அவள் மீதி வயிற்றை நிரப்பியது என் கஞ்சிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் உங்கள் பெருமை போகும், கழித்துக்கட்டும் ஆடுகளோடு ராசாத்தியும் கறிக்கடைக்கு லோரி ஏறுவாள். சொல்லாவிட்டால்? இல்லாத ஒன்றை அவள் இரத்தத்தில் தேடுவார்கள். அவள் குட்டிகளுக்குப் போகிற இடமெல்லாம் பாதி வயிற்றுக்குத்தான் போடுவார்கள்.

சொல்லிவிட்டேன்.

தம்பி கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தார். "கஞ்சியும் தீவனம்தான்கா," என்றார். நோட்டை வாங்கி, நீங்கள் எழுதியதில் ஏழாம் நம்பர் வரிகளை மட்டும் பக்கம் பக்கமாக அடித்தார். "எங்க வீட்டுக்காரர் எழுதுனதுல ஒரு பிழையும் இல்ல தம்பி" என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். என்னை மன்னிப்பீர்களா?

கெஞ்சிக் கேட்டதில் அவளுக்கு இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார். மூன்று மாதம், புண்ணாக்கும் பச்சைத் தண்ணீரும் மட்டும். நிறுத்து எழுதுவது நான். உண்மையிலேயே குறைவாகத் தின்றால் இருப்பாள், இல்லையென்றால் லோரிதான். நேற்று மத்தியானம் அவள் கத்தியபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டே போனால் என் கை சும்மா இருக்காது. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்?

இன்று காலை, தவணையின் முதல் நாள் மிச்சத்தை நிறுக்கப் போனேன். தொட்டியில் ஒரு பொடிகூட இல்லை, நக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இன்னும் கேட்டுக் கத்தினாள். உங்கள் எழுத்துக்குக் கீழே, "மிச்சம் இல்லை" என்று எழுதினேன். நாளைக்கும் உள்ளதைத்தான் எழுதுவேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
மாரியாயி