கட்சி ஆபீசும் பணியிடம்தான்

ஜனவரி 9
தேர்தலில் நிற்க இடம் கேட்டேன். பணியிடச் சமத்துவ ஆணையத்தின் தலைவி ஆக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் கூட்டம் சேர்த்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி! "அடுத்த தடவை உனக்குத்தாம்மா" என்றார் கட்சித் தலைவர். போன தடவையும் இதையேதான் சொன்னார். அப்போது குரலில் கொஞ்சம் பாசமாவது இருந்தது.

ஜனவரி 16
பதவியேற்பு விழா. கைதட்டல் கேட்டால் தலைவருக்கு நாக்கு நிற்காது. "என் கட்சி ஆபீசும் பணியிடம்தான்! ஆணையம் அங்கேயும் வரட்டும்!" என்று முழங்கினார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் கட்சிச் செயலாளர்.

பிப்ரவரி 3
முதல் புகாரே கட்சி அலுவலகத்திலிருந்து. அங்கே டெலிபோன் எடுக்கும் பெண், ஆறு மாதக் கர்ப்பம். "வயித்தத் தள்ளிக்கிட்டு முன்னால உட்கார்ந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று செயலாளர் வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். அவருடைய தொப்பையைப் பற்றி வருகிறவர்கள் இதுவரை எதுவும் நினைக்கவில்லை போலும்.

"அக்கா, உங்களால முடியுமா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். சுருக்கென்றது.

பிப்ரவரி 5
செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவில் முக்கால்வாசி அவர்தான்.

"இது நம்ம குடும்ப விஷயம், ஊத்தி மூடிடுங்க. இடைத்தேர்தல் வருது. உங்க பேருதான் முதல்ல இருக்கு."

அவர் போனதும் கணவர், "என்ன செய்யப்போற?" என்றார். தெரியாது என்றேன். ஆனால் ஆசையாக இருக்கிறது. சட்டசபை— எத்தனை வருட ஆசை! இந்தப் பொண்ணு ஏன் என்கிட்ட வந்து தொலைச்சா?

பிப்ரவரி 6
ஆணையத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 12
விசாரணை. "கட்சி ஓர் இயக்கம், பணியிடமே அல்ல" என்று வாதாடினார் செயலாளர். விழா வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தலைவர் முழங்குகிறார், பக்கத்தில் இவர் கைதட்டுகிறார். அறையே சிரித்தது. அவளுக்கு மீண்டும் வேலை, பேறுகால விடுப்பு. உத்தரவில் கையெழுத்துப் போடும்போது சட்டசபை ஞாபகம் வந்தது உண்மை.

பிப்ரவரி 20
வேட்பாளர்: செயலாளரின் மச்சினி. போஸ்டரில் 'பெண்களுக்கே முன்னுரிமை'. வயிறு எரிகிறது. மறைப்பானேன்?

பிப்ரவரி 24
மகளிர் அணிக் கூட்டத்துக்கு எனக்கு மட்டும் அழைப்பு இல்லை. கேட்டுவிடலாம் என்று கட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"செயலாளர் இல்லீங்க" என்றாள் சத்தமாக. பிறகு மெல்ல, "உள்ளதான் இருக்காரு அக்கா. நீங்க கூப்பிட்டா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு."

"அப்படியே சொல்லும்மா" என்றேன். "வேலையை ஒழுங்காப் பாரு."