பேட்டரித் தண்ணீரில் கழுவிய பம்ப்

பாஸிலா,

நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது சொன்னது எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை. "அந்த மீன்தொட்டிப் பம்பு சத்தம் மட்டும் இல்லேன்னா, இந்த வீட்டுல ஆளு இருக்குறதே தெரியாதுங்க" என்றாய். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நேற்றுக் காலை தொட்டி ஒழுகி, கீழ்த்தட்டில் இருந்த பம்ப் நனைந்து நின்றுவிட்டது. உள்ளே இருந்த போர்டைக் கழற்றி, குழாயில் வரும் உப்புத்தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. இந்த ஊரில் இருந்துகொண்டு இதுகூடத் தோன்றவில்லை. பிறகு இன்வெர்ட்டருக்கு வாங்கிய, உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீரை ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மாடி அறை ஜன்னலில் காயவைத்திருக்கிறேன். நான் வரும்வரை பிளக்கில் மாட்டாதே.

இன்று நீ வந்து சேரும்போது நான் கடையில் இருப்பேன். மீன்கள் சமையலறை வாளியில் இருக்கின்றன. அவ்வப்போது ஒரு மக்குத் தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து ஊற்று. இப்போதைக்கு அதுதான் அவற்றுக்குக் காற்று. சோறும் ரசமும் இருக்கின்றன, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை. ஆறு மணிக்கு வருவேன்.

யாசின்

பி.கு.: பம்ப் நின்ற பிறகு, ஒரு சத்தமும் இல்லாத இந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். இத்தனை வருஷமும் நீ இப்படித்தான் இருந்தாயா? சாயங்காலம் மாட்டிப் பார்ப்போம். அது ஓடினாலும் நான் பேசுகிறேன்.

இன்னொன்று. கறுப்பு மீன் செத்துவிட்டது. மற்ற நாலும் உயிரோடு இருக்கின்றன. நேற்றுக் கடைக்கும் போகவில்லை; நான் நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.