முதலாளி விளையாடுறவரோ?

20.08.2004, வெள்ளி

மகளுக்குப் பேசிவந்த சரவணை ஊர்ப் பெடியன் இன்று லண்டனிலிருந்து கோல் எடுத்தான். தரகர் "விளையாட்டுக் கொம்பனியில வேலை" என்றபோது பந்து, மட்டை விற்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். கொம்பியூட்டரில் சூதாட்டமாம்.

"முதலாளி ஒரு வருசம் எடுக்கிற சம்பளத்துக்கு எங்கட தீவையே வாங்கலாம், மாமா."

"அவரும் விளையாடுறவரோ, தம்பி?"

"அவருக்கென்ன விசரோ?" என்று சிரித்தான்.

என் கடையில் விற்கும் அரிசிதான் என் வீட்டு உலையிலும் வேகிறது. தான் தொடாத சரக்கை விற்று இவ்வளவு சேர்க்கலாம் என்பது எனக்குப் புதிது. சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன்.

"முதலாளியை விடுங்கோ, அப்பா. இவர் விளையாடுறவரோ எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அந்தச் சம்பளக் கதையிலேயே நின்றுவிட்டேன். நாளைக்குக் கேட்கவேண்டும். அதுவரை தரகருக்குப் பதில் இல்லை.